பேமிற் காணியும் வேர்ஜீனியாச் சட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த பேமிற் காணி, அதாவது அனுமதிப்பத்திரக் காணி, இருக்கிறது: வீடு கட்ட மேட்டுநிலம், கூடவே கொஞ்சம் வயல். பிள்ளைகள் நாலு பேர். முதல் மூன்றும் பெண், கடைசி ஆண். மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போது வீடு கேட்கிறார்கள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இது எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத வழக்கம். தகப்பனும் அந்த மேட்டுநிலத்திலேயே கல்வீடு கட்டி மகளைக் குடியேற்றுகிறார். வருடங்கள் போகின்றன. தாயும் தகப்பனும் கண்ணை மூடுகிறார்கள். பிரதேச செயலகத்தில் காணிக் கோவையைத் திறந்தால் பின்னுரித்தாளர், அதாவது தகப்பனுக்குப் பின் காணி யாருக்கு, என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. 2022 வரை இருந்த சட்டப்படி அந்தக் காணி முழுவதும் ஒரே ஒருவருக்குப் போகும். அது அந்தக் கடைசிப் பையன். வீட்டில் இருபது வருடமாக அடுப்பு மூட்டும் அக்காவின் முறை அவனுக்குப் பிறகுதான்.

இது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணை உரித்து வரிசையைச் சொல்கிறது: மகன்மார், மகள்மார், பேரன்மார், பேத்திமார், தகப்பன், தாய், சகோதரர், சகோதரிகள் என்று அது நீண்டுபோகும். ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னால், பெண் பின்னால். ஒரு படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவர் மட்டும். காணி பிரியாது, ஒருவருக்கே போகும். வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதிய இந்த வரிசை 1948 பெப்ரவரி 4ஐத் தாண்டியது, 1972இல் குடியரசு ஆனதைத் தாண்டியது, 1978 யாப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதியதையும் தாண்டியது. ஆண்–பெண் பாகுபாட்டை நீக்கிய திருத்தம் 2022இல்தான் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 74 வருடம்.

அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலம் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற விதியை 1785இல் ஒழித்தது. சுதந்திரப் பிரகடனத்துக்குப் பின் 9 வருடம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இந்தக் கட்டுரை. ஒரு நாடு விடுதலை பெற்றால் சமூகமும் அரசாங்கமும் எப்படி மாறும் என்று கேட்பவர்கள் கொடியையும் யாப்பையும் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியவைதான். ஆனால் தகப்பன் செத்தால் காணி யாருக்கு, ஊரில் முத்திரை குத்துகிற ஆளை யார் நியமிக்கிறார், புதிதாக வெட்டித் திறந்த நிலம் யாருக்குப் போகிறது, இவற்றைப் பார்த்தால்தான் மாற்றம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தெரியும் என்பது என் திடமான எண்ணம். காணியை நம்பி வாழும் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் இந்த அளவுகோல்தான் பொருத்தம்.

வேர்ஜீனியாவில் புரட்சிக்கு முன் இருந்த நிலைமையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அங்கே பெரிய புகையிலைத் தோட்டக்காரர் தங்கள் நிலத்தை வம்சத்தோடு கட்டிவைக்கலாம். இந்த நிலம் என் மகனுக்கு, அவனுக்குப் பின் அவன் மகனுக்கு என்று ஒருதரம் எழுதிவிட்டால் இடையில் வருகிற எவரும் விற்க முடியாது, கடனுக்காகப் பறிக்கவும் முடியாது. இது ஒரு கட்டு. மற்றது, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. இந்த இரண்டும் சேர்ந்து சில குடும்பங்களின் கையிலேயே நிலத்தை வைத்திருந்தன. அந்தக் குடும்பங்களே சட்டசபையிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் உட்கார்ந்திருந்தன.

தோமஸ் ஜெபர்சன் பிரகடனத்தை எழுதிய கையோடு ஊருக்குத் திரும்பி, 1776 ஒக்டோபரிலேயே வேர்ஜீனியாச் சபையில் முதலாவது கட்டை அவிழ்க்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். போர் நடந்துகொண்டிருந்தது, வெற்றி நிச்சயமில்லை. அந்த நேரத்தில் காணிச் சட்டம் எதற்கு என்று தோன்றலாம். அவருடைய கணக்கு தெளிவு: அரசனை நீக்கிவிட்டு நிலத்தை அதே வம்சங்களிடம் விட்டால், புதிய சபையில் பழைய முகங்களே இருக்கும். மூத்த மகன் விதியை ஒழிக்கும் வரைவையும் அவரே தயாரித்தார். அது 1785இல் ஜேம்ஸ் மடிசன் சபையில் முன்னின்று தள்ளியபோதுதான் நிறைவேறியது. ஜோர்ஜியா இன்னும் வேகம். அதன் 1777 யாப்பிலேயே நிலத்தை வம்சத்தோடு கட்டக் கூடாது, சாசனமின்றி இறந்தவரின் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும், விதவைக்கு ஒரு பிள்ளையின் பங்கு உண்டு என்று எழுதிவிட்டார்கள். வட கரோலினா 1784இல் அரைத் தூரம் போனது: மகன்மார் எல்லோருக்கும் சமம், மகன் இல்லாவிட்டால் மட்டும் மகள்மாருக்கு. 1795இல்தான் அங்கே மகளும் சம பங்காளி ஆனாள். நம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, அந்த 1784ஐவிடப் பின்னால் நின்றது. அங்கே தம்பிக்காவது பங்கு இருந்தது.

1787இல் ஒகையோ ஆற்றுக்கு வடக்கே கிடந்த பெரும் நிலப்பரப்புக்கு ஒரு நிர்வாகச் சட்டம் போட்டார்கள். வடமேற்குக் கட்டளைச் சட்டம் என்பார்கள். அடிமைத்தனம் அங்கே கூடாது என்ற பிரிவுக்காக அது பேர்போனது. ஆனால் அதன் வரிசையைப் பாருங்கள். மாவட்டம் பற்றிய முதல் வரி முடிந்த உடனே, ஆளுநரைப் பற்றியோ சபையைப் பற்றியோ பேசுவதற்கு முன், இறந்தவரின் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியவேண்டும், விதவைக்கு மூன்றிலொன்று என்று எழுதியிருக்கிறது. அதை வரைந்தவர்களுக்கு முதலில் தீர்க்கவேண்டியது எது என்று தெரிந்திருந்தது.

இந்தச் சீர்திருத்தம் எங்கே பிழைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சமப் பங்கு என்பது சாசனம் எழுதாதவருக்குத்தான். எழுதத் தெரிந்த செல்வந்தர் விரும்பிய மகனுக்கே விரும்பியதைக் கொடுத்தார். இன்னொரு கொடுமை இதைவிடப் பெரிது. தெற்கு மாநிலங்களில் அடிமைகள் மனிதராக அல்ல, சொத்தாக எண்ணப்பட்டார்கள். சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தபோது அடிமைக் குடும்பங்களும் பிரிந்தன. தாய் ஒரு பங்குக்கு, பிள்ளை இன்னொரு பங்குக்கு. எசமானின் மகளுக்குக் கிடைத்த சமத்துவம், அடிமைப் பெண்ணின் பிள்ளையைப் பறித்தது. வடக்கில் வேறு பாதை: வெர்மோண்ட் 1777இல் தன் யாப்பிலேயே வயதுவந்தோரின் அடிமைத்தனத்தை மறுத்தது. பென்சில்வேனியா 1780இல் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது, ஆனால் அதற்குப் பிறகு பிறந்த அடிமைப் பெண்ணின் பிள்ளைகூட 28 வயதுவரை கட்டுப்பட்டு வேலை செய்யவேண்டும் என்று வைத்தது. மணமான பெண்ணின் சொத்தும் கணவன் கையில்தான் இருந்தது. அது 1839இல் மிசிசிப்பியில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் அவிழ்ந்தது.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். இங்கே உரித்து விடயத்தில் பாகுபாடு மண்ணிலிருந்து முளைத்ததல்ல. முக்குவர் சட்டம் என்று அறியப்பட்ட பழைய வழக்கில் முதுசம் தாய்வழியே இறங்கியது. ஆணின் முதுசச் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அதை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றியது. ஆனாலும் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியேதான் எண்ணப்படுகிறது. கோயிலில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து என்பதெல்லாம் தாயைப் பார்த்தே. முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு, அதுவும் தாய்வழி, வீடும் மகளுக்கு. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கும் இதே வழக்கம்.

ஆகவே ஒரே ஊரில், ஒரே வளவில்கூட, சட்டம் மூன்று நாலாகப் பிரிந்து கிடக்கிறது. உறுதிக் காணி, அதாவது உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணி, என்றால் தமிழருக்குப் பொதுச் சட்டம்: வாழ்க்கைத்துணைக்குப் பாதி, மீதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய உரித்துச் சட்டம். பேமிற் காணி என்றால் 2022இல் திருந்திய அந்த 1935 அட்டவணை. இவற்றுக்கு மேல், இவை ஒன்றையும் கேட்காமல், வீடு மகளுக்கு என்ற வழக்கம். உறுதிக் காணியில் சீதன உறுதி எழுதி வழக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம். பேமிற் காணியில் அது முடியாது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் நொத்தாரிசு கையெழுத்து வைத்த உறுதி செல்லாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அரச காணியைச் சிறு விவசாயிக்குக் கட்டுப்பாடுகளோடு கொடுக்கும் முறையை 1920களில் முயன்று பார்த்த இடங்களில் முக்கியமானது மட்டக்களப்பு. இங்கே அதை நடத்திய சி. வி. பிரெய்ன்தான் பின்பு இலங்கையின் முதல் காணி ஆணையாளர் ஆனார். விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, துண்டாடக் கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்கு நியாயம் இருந்தது. விவசாயி ஒரு போகம் அழிந்தால் வட்டிக்காரனிடம் காணியை இழந்துவிடுவான். நாலு பிள்ளைக்குப் பிரித்தால் எவருக்கும் பிழைக்கப் போதாது. ஒருவருக்கு மட்டும் என்றது அதனால். ஆனால் அந்த ஒருவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்பதற்கு மண்ணிலோ தண்ணீரிலோ நியாயம் கிடையாது. தாய்வழி வழக்கம் ஊறிய மாவட்டத்தில் பயின்ற அதிகாரிகள், அந்த மாவட்டத்துக்கே ஒவ்வாத வரிசையைச் சட்டமாக்கினார்கள். சுதந்திர நாடு அந்த ஒரு வரியை எடுத்துப் பார்க்க 74 வருடம் எடுத்தது. இதை எழுதும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

ஏன் அங்கே 9, இங்கே 74? அமெரிக்கர் போராடினார்கள், நாம் போராடவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பாதி உண்மை. இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை 1931இல் டொனமூர் யாப்போடு வந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும். அமெரிக்கப் புரட்சி அதைத் தரவில்லை. நியூ ஜேர்சியின் 1776 யாப்பு 50 பவுண் சொத்துள்ள குடிகள் எல்லோருக்கும் வாக்கு என்று எழுதியதால் அங்கே மணமாகாத பெண்களும் விதவைகளும் வாக்களித்தார்கள். 1807இல் அதையும் பறித்துவிட்டார்கள். ஆகவே நமக்குக் கிடைத்தது சிறிதல்ல. வேறுபாடு வேறோர் இடத்தில். அமெரிக்காவில் பழைய அரசின் அதிகாரம் உடைந்தபோது ஒவ்வொரு மாநிலமும் சட்டத்தை அடியிலிருந்து எழுதவேண்டி வந்தது. எழுதும்போது பழைய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது வேண்டுமா என்று கேட்கவேண்டி வந்தது. இலங்கையில் அதிகாரம் உடையவில்லை, கைமாறியது. ஏற்கெனவே உள்ள சட்டங்கள் தொடரும் என்ற ஒரு வரியோடு நூறு வருடச் சட்டமும் அப்படியே உள்ளே வந்துவிட்டது. மகாதேசாதிபதி இருந்தார், இலண்டன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு 1971 வரை போனது. போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த புளியந்தீவுக் கோட்டைக்குள் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் நடந்துகொண்டே இருந்தது.

ஊரில் அரசாங்கம் என்றால் விதானையார். அவரை நியமித்தவர் அரசாங்க அதிபர். பெரும்பாலும் காணியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்திலிருந்து. காணி அளவு, பயிர், பிறப்பு இறப்பு, குற்றம், நற்சான்று எல்லாம் அவர் வாயில். அவருக்கு மேலே உடையார், வன்னிமை என்று ஒரு படிக்கட்டு. இந்த ஊர்த்தலைமை முறை 1963இல் ஒழிக்கப்பட்டு, போட்டிப் பரீட்சையில் தெரிவான கிராம சேவகர் வந்தார். வறிய குடும்பத்துப் பிள்ளை பரீட்சை எழுதி விதானையாரின் கதிரையில் உட்கார முடிந்தது இந்த மாவட்டத்தில் பெரிய சமூக மாற்றம். இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. வயசானவர்கள் இன்றும் ஜீஎஸ்ஸை விதானையார் என்றே கூப்பிடுகிறார்கள். பிரதேச செயலகங்களும் மண்முனை, எருவில், போரதீவு, கோறளை என்று பழைய பற்றுகளின் பெயரையே சுமக்கின்றன.

இந்த இடத்தில் வேர்ஜீனியா நம்மைவிட மோசம். அங்கே மாவட்ட நீதவான்களை ஆளுநர் நியமிப்பார், ஆனால் பெயரைச் சிபாரிசு செய்வது ஏற்கெனவே இருக்கும் நீதவான்கள். தங்கள் இடத்துக்குத் தாங்களே ஆளைத் தேடிக்கொண்டார்கள். வரி, தெரு, வழக்கு எல்லாம் அவர்கள் கையில். புரட்சி இதைத் தொடவேயில்லை. 1851 யாப்பில்தான் நீதவான்களை மக்கள் தெரிவு செய்யத் தொடங்கினார்கள். காணி உரித்தை 9 வருடத்தில் மாற்றிய அதே மாநிலம், ஊர் அதிகாரத்தை மாற்ற 75 வருடம் எடுத்தது. விடுதலை எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேர்வதில்லை.

பெரும் வயற்காரரான போடியாருக்கும் இதே கதை உண்டு. நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றோரம் ஆயிரக்கணக்கான குத்தகைக்காரரை வைத்திருந்த பெரும் நிலப்பிரபுக்கள் இருந்தார்கள். பிலிப்ஸ் குடும்பம் அரசன் பக்கம் நின்றது; அதனால் அவர்களுடைய நிலம் பறிமுதலாகி விற்கப்பட்டது, உழுத குத்தகைக்காரர் பலர் சொந்தக்காரர் ஆனார்கள். வான் ரென்செலார் குடும்பம் புரட்சியின் பக்கம் நின்றது. அதனால் அவர்களுடைய நிலத்தை எவரும் தொடவில்லை. அங்கே 100 ஏக்கருக்கு 10 முதல் 14 புசல் கோதுமை, நாலு கொழுத்த கோழி, வண்டி மாட்டோடு ஒரு நாள் ஊழியம் என்று வருடக் குத்தகை தொடர்ந்தது. பிரகடனம் வந்து அறுபது வருடம் கழிந்து, 1839இல், குத்தகைக்காரர் கொடுக்க மறுத்துக் கிளர்ந்தார்கள். விவசாய நிலத்தை 12 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு எழுதக் கூடாது என்ற விதி 1846 யாப்பில் வந்தது. ஒரே மாநிலம், ஒரே முறை. நிலப்பிரபு எந்தப் பக்கம் நின்றார் என்பதே உழுதவனின் விதியைத் தீர்த்தது. விடுதலைக்குத் தலைமை தாங்கிய வர்க்கத்தின் சொத்து கடைசியில்தான் தொடப்படும். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்று துணிந்து சொல்வேன்.

நமக்கு 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் வந்தது, பிலிப் குணவர்த்தன கொண்டுவந்தது. குத்தகை விளைச்சலில் நாலிலொன்று அல்லது ஏக்கருக்கு 12 புசல், எது குறைவோ அது. குத்தகைக்காரரை எழுப்ப முடியாது. பயிர்ச்செய்கைக் குழுக்கள் பதிவேடு வைத்துக்கொள்ளும். எழுத்தில் நல்ல சட்டம். களத்தில் பிழைத்த இடம், உடன்பாடு எல்லாமே வாய்ப்பேச்சு என்பது. துண்டு இல்லாதவன் தான் குத்தகைக்காரன் என்று எப்படி நிறுவுவான்? சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, நானே செய்கிறேன் என்று சொல்லி ஆட்களை எழுப்பிய காணிக்காரர் நாடு முழுவதும் இருந்தார்கள். மட்டக்களப்பில் இன்னொரு சிக்கல்: போடியாருக்கும் வயலுக்கும் நடுவில் முல்லைக்காரன் இருக்கிறான். விதைப்பிலிருந்து சூடடிப்புவரை வெளியைப் பார்ப்பவன் அவன். விளைச்சலில் பங்கும் வாங்குவான், வேலைக்காரரையும் நடத்துவான். அவனைக் குத்தகைக்காரனாகக் கொள்வதா, கூலிக்காரனாகக் கொள்வதா? கொழும்பில் சட்டம் வரைந்தவர்களின் சொற்களுக்குள் அவன் அடங்கவில்லை. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் வயலுக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு வைத்தபோதுதான் பெரிய போடிமாரின் பிடி தளர்ந்தது.

புதிய நிலம் யாருக்கு என்ற கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது.

அமெரிக்கா 1785இல் மேற்கு நிலத்தை அளந்த முறை மிக நேர்த்தி. 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு ஊர்ப்பகுதி. அதை 36 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு. ஏக்கர் குறைந்தது ஒரு டொலர், ஒரு துண்டுக்குக் குறையாமல் வாங்கவேண்டும். அங்கேதான் பிழை. 640 டொலர் கையில் வைத்திருந்த விவசாயி எத்தனை பேர்? கம்பனிகளும் வியாபாரிகளும் வாங்கிக் கூட்டி விற்றார்கள். 1800இல் 320 ஏக்கருக்குக் குறைத்தார்கள். 1820இல் 80 ஏக்கர், ஏக்கர் 1.25 டொலர் என்று வந்தபோதுதான் சாதாரண ஆளுக்கு எட்டியது. ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே ஷோனி, மயாமி போன்ற மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடன் 1795 வரை போர் நடந்தது. தோற்ற பிறகு கிரீன்வில் உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுக்க வைத்தார்கள். குடியேறியவனுக்கு விடுதலை தந்த அளவுகோலே, இருந்தவனை வெளியேற்றிய அளவுகோலும்.

இலங்கை சுதந்திரம் பெற்று அடுத்த வருடமே, 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டம் வந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அமெரிக்கக் கம்பனி ஒன்று அணை கட்டியது. சேனநாயக்க சமுத்திரம் அதுதான். தண்ணீர் வந்தது உண்மை, ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் ஆனது உண்மை. கீழ்ப்பகுதித் தமிழ், முஸ்லிம் வயல்களுக்கும் அந்தத் தண்ணீர் பாய்கிறது. ஆனால் மேட்டுப் புதுநிலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்களைப் பெருமளவில் குடியேற்றினார்கள். காட்டில் வாழ்ந்த வேடர் தங்கள் இடத்தை இழந்தார்கள். 1956இல் அங்கேயே தமிழர் மேல் வன்முறை வெடித்தது. 1961இல் மட்டக்களப்பைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உண்டானது. கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழ, மாவட்டத் தலைநகரம் உள்ளே புதிய குடியேற்றத்தின் பக்கம் போனது. பொத்துவிலில் இருப்பவர் கச்சேரி அலுவலுக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று வரைபடத்தில் பார்த்தால் போதும். காணிக் கச்சேரியில் யார் பெயர் கூப்பிடப்படும், எந்த ஊராருக்கு முதலிடம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருந்ததோ, அங்கேதான் சுதந்திரமும் இருந்தது.

அரசாங்கத்தின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1776இல் மாநிலங்கள் எழுதிய யாப்புகள் ஆளுநர் மேல் இருந்த வெறுப்பில் எழுதப்பட்டவை. பென்சில்வேனியா ஆளுநரே வேண்டாம் என்று 12 பேர் சபையை வைத்தது, ஒரே மன்றம், வரி கட்டும் ஆண் எல்லோருக்கும் வாக்கு. 1790இல் அதைக் கைவிட்டார்கள். மாநிலங்களுக்கு மேல் அப்போது இருந்த நடு அரசுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. அந்த நடு அரசின் யாப்பைத் திருத்த 13 மாநிலமும் ஒத்துக்கொள்ளவேண்டும். 5 வீத இறக்குமதி வரியை 1782இல் றோட் ஐலண்ட் என்ற ஒரே சின்ன மாநிலம் மறுத்ததும் திட்டம் கவிழ்ந்தது. மசாசுசெட்ஸில் வரியும் கடனும் தாங்காத விவசாயிகள், போரில் பணிபுரிந்த டேனியல் ஷேய்ஸ் போன்றோர் தலைமையில், 1786இல் நீதிமன்றங்களை மூடவைத்தார்கள். அந்தப் பயத்தில்தான் 1787 யாப்பு பிறந்தது, 1791இல் உரிமைப் பட்டியல் சேர்ந்தது.

அந்த யாப்பில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை நாம் நன்றாக அறிவோம். ஆசனம் பிரிக்கும்போது ஒவ்வோர் அடிமையும் ஐந்தில் மூன்று ஆளாக எண்ணப்படுவார். வாக்கு மட்டும் கிடையாது. அவர்களை எண்ணிக் கிடைத்த ஆசனத்தில் எசமான் உட்காருவார். இலங்கையில் சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பு 75,000 பேருக்கு ஒரு தொகுதி, 1000 சதுர மைலுக்கு இன்னொன்று என்று பிரித்தது. பரந்த நிலமும் குறைந்த சனமும் உள்ள கிழக்குக்கு அதனால் நன்மை கிடைத்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தபோது, அவர்களை எண்ணி உருவான தொகுதிகள் அப்படியே இருந்தன. சுற்றியிருந்தவர்கள் அந்த ஆசனங்களைப் பெற்றார்கள். எண்ணிக்கையில் இருந்தார்கள், வாக்காளர் இடாப்பில் இல்லை. சிறுபான்மையைக் காக்கும் என்று சொன்ன 29ஆம் பிரிவு இதைத் தடுக்கவில்லை. வழக்கு கோமறைக் கழகம்வரை போய் 1953இல் தோற்றது. 1972 யாப்பு அந்தப் பிரிவையே வைத்திருக்கவில்லை.

மீண்டும் அந்தப் பேமிற் காணிக்கு வருகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கும் கையில் எடுத்துச் செய்யக்கூடிய அலுவல். சட்டம் திருந்திவிட்டது என்று கோவை தானாகத் திருந்தாது. முதலில் பேமிற்றா அளிப்புப் பத்திரமா (கிராண்ட்) என்று பாருங்கள்; ஜயபூமி, சுவர்ணபூமி என்று பெயர் இருந்தால் அது அளிப்பு. காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பெயரிடவேண்டும். பெயரிடக்கூடியவர் வாழ்க்கைத்துணை அல்லது அட்டவணையில் வரும் உறவினர் மட்டுமே. சிநேகிதனையோ மருமகனையோ போட்டால் தள்ளுபடியாகும். படிவத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுத்தவுடன் அலுவல் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. அது காணிப் பதிவகத்தில் பதியப்படவேண்டும், அதுவும் காணிக்காரர் இறக்கும் முன். மேசையில் கிடந்து, இறந்த பிறகு பதிந்த நியமனம் செல்லாது. கையெழுத்து வைத்து ஒரு மாதம் கழித்துப் பதிவகத்துக்குப் போய், பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பதிவு இலக்கத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயரிடப்பட்டவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கவனம்: காணி அவர் கைக்கு வரவேண்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பொறுப்பேற்காவிட்டால் உரிமை போய்விடும். திருத்தத்துக்கு முன் இறந்தவரின் கோவை என்றால், எந்தச் சட்டத்தின்படி பார்க்கிறார்கள் என்று காணி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மகளுக்கு வீடு கட்டப் போகிறவர் அத்திவாரக் கல் வாங்கும் முன் இந்தப் பதிவைச் செய்யவேண்டும்.